சேலத்திலிருந்து ஜீப் தூரத்தில் பனி

உலகத்தில் பனிச்சறுக்கு நடக்கும் மலைகள் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் பனி இருக்கிறது, அதனால் சறுக்குகிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? எண்ணெய் கொட்டிய தரையில் எவனும்தான் வழுக்குவான். உறைந்த பனி ஒரு பொட்டுகூட இல்லாமல், டில்லி நிபுணர் ஒருவரும் சேலத்து அதிகாரிகள் இருவரும் மேட்டின் உச்சியிலிருந்து அடி வரை அம்பு போலச் சறுக்கி இறங்கிய மலை இந்தப் பூமண்டலத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நம் சேர்வராயன் மலை. இடம், ஏற்காட்டை அடுத்த வாழவந்தி. ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. வாழவந்தி முழுக்க நம்பியது. நம்ப மறுத்தவள் ஒரே ஒருத்திதான், மாதப்பன் பெண்சாதி ஆராயி. சறுக்கு நடந்தது அவளுடைய காட்டில்.

காடு என்றதும் புலி, கரடி என்று பயப்பட வேண்டாம். மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் பேர். ஆராயியின் காடு நல்ல சரிவு. கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, மண் ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள் அவளும் மாதப்பனும். அதில் விளைகிற சாமைதான் அடுத்த அறுப்பு வரை அவர்கள் அடுப்பில் ஏறும். வேறு நிலம் கிடையாது. இவ்வளவு அற்பமான ஒரு காரணத்துக்காக அவள் ஒரு தேசியத் திட்டத்தையே எதிர்த்து நின்றாள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திட்டம் டில்லியில் பிறந்தது. நாட்டின் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் "டிரைவிங் டிஸ்டன்ஸில்" ஒரு பனிச்சறுக்கு மைதானம் இருந்துவிட்டால் இளைஞர்கள் கெட்டுப்போக மாட்டார்கள் என்று அங்கே ஒரு பெரிய மூளைக்குத் தோன்றியது. உடனே சுற்றறிக்கை புறப்பட்டது: உங்கள் மாவட்டத்தில் "ஸ்னோ" உண்டா?

சேலத்து அலுவலகத்தில் அந்த வாரம் ஆட்சிமொழி வாரம். எல்லாவற்றையும் தமிழில் எழுதியாக வேண்டும். அகராதியைப் புரட்டினார்கள். ஸ்னோ என்றால் பனி. ஆகவே மலைக் கிராமங்களுக்கெல்லாம் அழகிய தமிழில் ஒரு கேள்வி போயிற்று: "தங்கள் கிராமத்தில் பனி பெய்வதுண்டா?"

வாழவந்தி கிராம அதிகாரியிடமிருந்து வந்த பதில் மற்ற எல்லாப் பதில்களையும் தூக்கி அடித்தது. "உண்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டாமல் வாசலில் கால் வைக்க முடியாது. இதை எழுதும்போதே எனக்கு மூக்கு ஒழுகுகிறது."

மூக்கு ஒழுகியதைக் "கள ஆய்வு" என்று குறித்துக்கொண்டு சேலம் டில்லிக்குத் தெரிவித்தது: "ஸ்னோ உண்டு. கனமாக உண்டு." தமிழ்நாட்டில் பனி என்றால் விடிகாலையில் பெய்து, வெயில் எட்டிப் பார்த்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிற சமாச்சாரம் என்பது டில்லிக்குத் தெரிய நியாயமில்லை. சேலத்துக்குத் தெரியும். ஆனால் சேலத்தை யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அலுவலக ஒழுங்கு ஆகாது.

இவ்வாறாகப் "பனிச்சறுக்கு இடத் தேர்வுக் குழு" உதயமாயிற்று. தலைவர், உதவி இயக்குநர் தேவசிகாமணி. உறைந்த பனியை அவர் தம் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் நேருக்கு நேர் கண்டவர். மாவட்டத்தில் வேறு எவருக்கும் அந்த அனுபவம் இல்லாததால் போட்டியின்றித் தேர்வானார். உறுப்பினர், சர்வேயர் கந்தசாமி. வாகனம், ஒரு ஜீப். ஜீப்புக்கு டிரைவர், வாழவந்திப் பையன் ஏசுராஜ்.

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் விவாதிக்கப்பட்டது.

"டிரைவிங் டிஸ்டன்ஸ் என்றால் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஓட்டும் தூரம் சார்," என்றார் கந்தசாமி.

"அது மொழிபெயர்ப்பு. நான் கேட்பது விளக்கம்."

ஏசுராஜை அழைத்தார்கள். அவன் காதைச் சொறிந்தபடி சொன்னான்: "நம்ம ஜீப்பு ஓடற வரைக்கும் ஓட்டற தூரமுங்க. அதுக்கு மேல தள்ளற தூரமுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முதலில் நாகலூருக்குப் போனார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எஸ்டேட் முதலாளி செல்லப்பனின் மேடு. பனிச்சறுக்குக்கென்றே கடவுள் இழைப்புளி போட்டு இழைத்தது மாதிரியான மேடு. செல்லப்பன் பங்களா வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளித் தம்ளரில் காப்பி வந்தது.

"நம்ம மேட்டை எடுத்துக்கப் போறீங்களாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் செல்லப்பன். "மந்திரி போன வாரம் இங்கதான் தங்கியிருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!"

தேவசிகாமணி வாயிலிருந்த காப்பியை அவசரமாக விழுங்கினார். "ஐயையோ, யார் சொன்னது? காற்று வாங்க வந்தோம்."

அன்றைய ஆய்வுக் குறிப்பு: "காப்பிச் செடியின் நிழல் பனியின் வளர்ச்சிக்கு உகந்ததன்று. நிராகரிக்கப்பட்டது."

அடுத்தது குப்பனூர்ச் சரிவு. ஒன்றியத் தலைவரின் மச்சான் பொன்னுவேலின் மாந்தோப்பு அது. பொன்னுவேல் ஒன்றும் பேசவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்து, வாழையிலை போட்டு, எதிரில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். குழம்பின் காரமோ, மீசையின் காரமோ, குழுவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆய்வுக் குறிப்பு: "இப்பகுதியில் வெப்பம் மிகுதி. நிராகரிக்கப்பட்டது."

இப்படி அறிவியல் முறைப்படி ஒவ்வொரு மேடாகக் கழித்துக் கழித்துத்தான் குழு வாழவந்திக்கு வந்து சேர்ந்தது. ஆராயி சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் நிலம்?"

"எங்க காடுங்க."

"சேலத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது?"

"எங்க சின்னம்மா மக பாவாயி இருக்கறாளுங்க."

"என்ன உத்தியோகம்?"

"பெரியாஸ்பத்திரி வாசல்ல பூ கட்டி விக்கறா."

தேவசிகாமணி கந்தசாமியைப் பார்த்தார். கந்தசாமி தேவசிகாமணியைப் பார்த்தார். அந்தக் கணமே மேடு பனிச்சறுக்குக்கு உகந்ததாகிவிட்டது. சரிவு, திசை, மண் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் பொருந்தின.

சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்ததும் ஆராயி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பண்டை வந்தாள். "ஏசுராசு கண்ணு, என்னடா இது? எதுக்கு எங்க காட்டை அளக்கறாங்க?"

"ஸ்கீன்னு ஒரு ஸ்கீமுங்க அக்கா. ஸ்கீம்ல இருக்கற 'ம்'மை எடுத்துட்டா ஸ்கீ."

"எடுத்த 'ம்'மை என்ன பண்ணுவாங்க?"

"அதை நீங்க சொல்லோணும்."

"நான் சொல்லலீன்னா?"

"நோட்டீசு வருமுங்க. அப்பறம் தானா சொல்லிருவீங்க."

ஆராயி நேரே தேவசிகாமணியிடம் போனாள். "ஏனுங்க சார், எங்க காட்டுல என்னமோ சறுக்கப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. பனிமேல் சறுக்கும் விளையாட்டு. நாட்டுக்குப் பெருமை."

"பனி எங்க தலைமேலதானுங்க பேயுது? காட்டை எதுக்குங்க கேக்கறீங்க? வேணும்னா எங்கூட்டுக்காரரு மண்டைமேல சறுக்குங்க. அங்கயும் ஒண்ணும் வெளையறதில்ல, வழுவழுன்னுதான் இருக்குது."

மாதப்பன் தலையைத் தடவிக்கொண்டான். அவன் வழுக்கைக்கு ஊரில் நல்ல பேர் உண்டு.

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியாது," என்றார் தேவசிகாமணி.

அப்போதுதான் ஆராயி அந்த வார்த்தையைச் சொன்னாள். இடுப்பில் கை வைத்து, கூடியிருந்த ஊர்ச் சனம் மொத்தமும் கேட்க, "இந்தக் காட்டுல எவனாச்சும் மேல இருந்து கீழ வரைக்கும் சறுக்கிக் காட்டட்டும். அன்னிக்கே காட்டை எழுதிக் குடுத்துட்டு நானும் எங்கூட்டுக்காரரும் பாவாயிகூடப் பூக் கட்டப் போயிருறோம்!"

"கந்தசாமி, இதைக் குறித்துக்கொள்ளும்," என்றார் தேவசிகாமணி. கந்தசாமி குறித்துக்கொண்டார். மாதப்பன் மட்டும் அன்று ராத்திரிச் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டி, சறுக்கிட்டா?"

"எதுலைங்க சறுக்குவாங்க? உங்க வெத்தலை எச்சில்லயா? சும்மா தின்னுங்க."

மார்கழியில் டில்லியிலிருந்து நிபுணர் வந்தார். வடக்கே ஏதோ பனிமலையில் பிறந்து வளர்ந்தவர். ஆறடி உயரம், கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கையில் நீளமாக இரண்டு கட்டைகள்.

"ஓடு மேய வந்தவராட்டம் இருக்குது," என்றான் மாதப்பன். "ரெண்டு ரீப்பர் கட்டையோட வந்திருக்கறாரு."

நிபுணர் வரும் தினத்துக்கு முன்பே குழு முன்னேற்பாடுகளைச் செய்து வைத்திருந்தது. மேட்டின் கரடுமுரடு தெரியக்கூடாதென்று, அறுவடையான சாமைத்தாளை உச்சியிலிருந்து அடி வரை பரப்பச் சொன்னார் கந்தசாமி.

"மாட்டுத் தீனிங்க சார் இது. மலைக்கு எதுக்குங்க பாய் விரிக்கோணும்?" என்றாள் ஆராயி.

"சர்க்காருக்கு ஒத்துழையுங்கள்."

இரவு முழுக்க வாழவந்திப் பனி தன் கடமையைச் செய்தது. பொழுது விடிந்தபோது பரப்பிய தாள் தொப்பலாக நனைந்து, விளக்கெண்ணெய் பூசியது போலிருந்தது. மேகம் இறங்கி மேட்டை மூடிவிட்டது. நீட்டிய கையில் விரல் தெரியவில்லை. ஆராயி மட்டும் மேட்டின் நடுவில் ஒரு கொய்யா மரத்தடியில், கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள்.

உச்சியில் நிபுணர் ஆங்கிலத்தில் கேட்டார்: "ஸ்னோ எங்கே?"

தேவசிகாமணி கையை வீசி நாலு திசையும் காட்டினார். "எங்கும், சார்!"

கந்தசாமி அவர் காதில் முணுமுணுத்தார். "சார், இது மூடுபனி..."

"மூடித்தானே இருக்கிறது? அடியில் என்ன இருக்கும்? பனி. பேசாமல் மாலையை எடும்."

மாலை இல்லாமல் நம் நாட்டில் எந்த நிபுணரும் முழுமை அடைவதில்லை. சம்பங்கியும் ரோஜாவும் கலந்து, ஆள் உயர மாலை. இந்நேரத்துக்குள் நிபுணர், பழக்க தோஷத்தில், கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். நின்றது சாமைத்தாளின் மேல். தேவசிகாமணி எம்பி மாலையைப் போட்டார். போட்ட வேகத்தில் நிபுணர் நகர்ந்தார். மரியாதை நிமித்தம் தேவசிகாமணி மாலையை விடவில்லை. பதவி நிமித்தம் கந்தசாமி தேவசிகாமணியின் கோட்டை விடவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை வர்ணிக்கத் தமிழில் வினைச்சொல் போதாது. கொய்யா மரத்தடியில் நின்ற ஆராயியின் முன்னால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு முதலில் கட்டை வந்தது. கட்டையின் பின்னால் நிபுணர், நிபுணரின் பின்னால் மாலை, மாலையின் நுனியில் உதவி இயக்குநர், அவர் கோட்டைப் பிடித்தபடி, "ஸார்... ஸார்... ஸார்..." என்று ஒரு சர்வேயர். மூவரும் வரப்பு வரப்பாகத் தாவி, ஒரு விநாடியில் கடந்து, மீண்டும் மேகத்துக்குள் மறைந்தார்கள். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மாதப்பனின் எருக்குழி ஆளை விழுங்கும்போது அப்படித்தான் சத்தம் போடும்.

சனம் ஓடிற்று. குழியிலிருந்து எழுந்த தேவசிகாமணி முதலில் கேட்டது என்ன தெரியுமா? "முழுத் தூரமும் வந்துவிட்டோமா?" கடமை உணர்ச்சி என்றால் அதுவல்லவா!

"முழுசா வந்துட்டீங்க சார்!" என்று கத்தினான் ஏசுராஜ்.

"பார்த்தீர்களா அம்மா? சறுக்கிவிட்டோம்!" என்று மேலே பார்த்து முழங்கினார் தேவசிகாமணி.

ஆராயி மெதுவாக இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "யாருங்க சறுக்குனது? நான் ஒண்ணும் பாக்கலீங்க. இந்த மூட்டத்துல என் மூக்கே எனக்குத் தெரியல. குழிக்குப் பக்கத்துல நின்னிருந்தீங்க, தவறி உள்ள உழுந்திட்டீங்க. எங்கூட்டுக்காரரும் மாசத்துக்கு ஒருக்கா உழுவாரு."

அன்று முதல் அவள் அந்தச் சொல்லைவிட்டு இம்மியும் நகரவில்லை. ஊரோ கொண்டாடியது. ஏற்காட்டு பஸ் கண்டக்டர் வாழவந்தி வந்ததும், "ஸ்கீயெல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். டீக்கடைகளில் சறுக்கிய தூரம் நாளுக்கு நாள் நீண்டு, குப்பனூர் வழியாகச் சேலம் ஜங்ஷனை எட்டியது. யார் கேட்டாலும் ஆராயி மட்டும், "ஒண்ணும் நடக்கலீங்க," என்றாள். சனம் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் வீட்டுக்குப் போய், குதிரில் கொட்டிய சாமையை மட்டும் இன்னொரு முறை அளந்து பார்த்தாள்.

டில்லிக்குத் திரும்பிய நிபுணர் ஒரே ஒரு வரியில் அறிக்கை கொடுத்தார்: "என் வாழ்நாளில் எந்த மலையிலும் நான் இவ்வளவு வேகமாகக் கீழே வந்ததில்லை."

டில்லி அதைப் பாராட்டு என்று படித்தது. வாழவந்திக்கு நோட்டீஸ் வந்தது.

நிலத்தை எடுப்பதற்கு முன் ஆட்சேபணை இருந்தால் கேட்க வேண்டும் என்பது சட்டம். தனித் தாசில்தார் ஞானசுந்தரி ஏற்காட்டுக்கு வந்து விசாரணை வைத்தார். மலை ஏறியதிலிருந்து அந்தம்மாவுக்குத் தும்மல். மேசைக்கு ஒரு பக்கம் தேவசிகாமணியும் கந்தசாமியும். மறு பக்கம் ஆராயியும் மாதப்பனும்.

"சறுக்கினால் நிலத்தை எழுதிக் கொடுப்பதாக இந்த அம்மாள் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார், மேடம்," என்றார் தேவசிகாமணி. "சறுக்கினோம். டில்லி நிபுணரே சாட்சி."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒண்ணும் நடக்கலீங்க தாயி," என்றாள் ஆராயி.

ஞானசுந்தரி ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தார். "இடம் தேர்ந்தெடுத்த காரணத்தை வாசித்துக் காட்டணும், அது விதி. நாகலூர்: காப்பிச் செடியின் நிழல் பனிக்கு ஆகாது. குப்பனூர்: வெப்பம். வாழவந்தி..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "வாழவந்தி: 'ஆட்சேபிக்கத்தக்க நபர் எவருமில்லை.' இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"அது... வழக்கமான வாசகம், மேடம்."

"இந்தம்மா எதிரில் உட்கார்ந்து ஆட்சேபிச்சிட்டுத்தானே இருக்காங்க?"

"ஆட்சேபிக்கிறவர் வேறு, மேடம். 'ஆட்சேபிக்கத்தக்கவர்' வேறு."

ஆராயி தேவசிகாமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தக்க' என்ற சொல் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி," என்றார் ஞானசுந்தரி. "மூணு மேட்டையும் நானே நேரில் பார்த்துடறேன். செல்லப்பனையும் பொன்னுவேலையும் இதே மாதிரி கூப்பிட்டு விசாரிக்கணும். நாகலூரிலிருந்து ஆரம்பிக்கலாமா? ஜீப் இருக்குதில்ல?"

சறுக்கின் வரலாற்றில் மிக வேகமான திருப்பம் இப்போதுதான் நிகழ்ந்தது. தேவசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வேண்டாம் மேடம்! அவர்களை எதற்குச் சிரமப்படுத்துவது? குழு தன் முடிவை மறுபரிசீலனை செய்கிறது. வாழவந்தி மேடு சறுக்குவதற்கு லாயக்கற்றது. அங்கே எவரும் சறுக்கவில்லை."

"நிபுணர் சறுக்கினதா நீங்களே இப்ப சொன்னீங்களே?"

"மூடுபனி மேடம். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. எருக்குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம், தவறி விழுந்துவிட்டோம்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினார். போட்டார். கந்தசாமியும் போட்டார். ஞானசுந்தரி அதன் கீழே "திட்டம் கைவிடப்பட்டது" என்று எழுதி, முத்திரையைக் குத்தி, கோப்பைக் கட்டி வைத்தார். மாதப்பன் வழுக்கையில் அரும்பிய வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டான்.

"நல்லவேளை," என்று தேவசிகாமணி பெருமூச்சு விட்டு ஆராயியைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் ஒருத்திதான் அம்மா ஆரம்பத்திலிருந்து உண்மையைச் சொன்னீர்கள். அம்மையார் எதிரில் இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். யாரும் சறுக்கவில்லைதானே?"

ஆராயி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"பொய் சொன்னேனுங்க சார். சறுக்குனீங்க, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். டில்லிக்காரராச்சும் கட்டையை மாட்டிக்கிட்டு, எங்க காட்டுக்கு வந்த பொறகுதான் சறுக்குனாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்டையும் இல்லாம, செல்லப்பன் ஊட்டு வாசல்லயே ஆரம்பிச்சிட்டீங்களே!"